ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் நிற்பதில்லை

சிதம்பரத்தில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கூடத்தில், நீலப் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் தவளை மாதிரித் தாவியிருக்கிறேன்.

என்னைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் சுவரோரம் நின்று தாளம் போட்டார். வாசலில் ஒரு ஆடு மெல்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் உயரமாகத் தாவினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ட்ரெயினிங் முடித்து வேலைக்கு வந்த புதிது. குழந்தைகளுக்கு ஆடிப்பாடிச் சொல்லிக் கொடுத்தால் நாட்டையே திருத்திவிடலாம் என்று நம்பிய காலம்.

பட்டுப்புடவையில் ஏன் தாவினேன் என்று சொல்வதற்கு முன், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் ஏன் வாத்தியாரே நிற்கவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

நாலு மூலையும் நடுவும்

பள்ளி கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம் போகிற சாலையிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில் இருந்தது. நாலைந்து பெரிய மனிதர்கள் சேர்ந்த கமிட்டி நடத்திய எலிமென்டரி ஸ்கூல். கட்டடம் அதற்கு முன்னால் மல்லாட்டை மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். மூட்டைகள் போன பிறகும் வாசனை போகவில்லை. பசி நேரத்தில் பிள்ளைகள் தரைப் பிளவுகளில் குச்சி விட்டு நோண்டினால் ஒன்றிரண்டு பருப்பு கிடைக்கும். நானும் தின்றிருக்கிறேன்.

மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஹால். தடுப்பு என்று ஒரு தட்டிகூடக் கிடையாது. நாலு மூலையில் ஒன்றிலிருந்து நாலு வரை வகுப்புகள். ஐந்தாம் வகுப்புக்கு மூலை மிச்சமில்லை. அதனால் அது நடுவில்.

மூலையில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமாவது சுவர் உண்டு. நடுவில் இருப்பவருக்கு எல்லாப் பக்கமும் சத்தம். ஒரு காதில் அ, ஆ. இன்னொரு காதில் ஏழாம் வாய்ப்பாடு. முதுகுக்குப் பின்னால் என் இரண்டாம் வகுப்பின் தவளைப் பாட்டு.

ஒருமுறை டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், சைக்கிளில் வருவார், கால்சட்டையைக் கிளிப் போட்டுக் கட்டியிருப்பார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பி, "கங்கை எங்கடா உற்பத்தி ஆவுது?" என்றார்.

"நாப்பத்தொம்போது சார்!" என்றான் பையன்.

அவன் பேரில் தப்பில்லை. அதே நொடியில் மூன்றாம் வகுப்பு மூலையிலிருந்து "ஏழேழு" என்று கேட்டிருக்கிறது.

போனவர்கள்

நான் சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்தவர் சுந்தரமூர்த்தி சார். நல்ல மனிதர். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரமே நான் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால், காக்கிச் சட்டை போட்டு, விசில் ஊதிக்கொண்டு அவர் நிற்கிறார்.

"என்ன சார், இப்பிடிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். அங்கயும் கூட்டம், இங்கயும் கூட்டம். ஆனா இவங்க எறங்கிப் போயிடறாங்க" என்று சொல்லி எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பள்ளியில் பார்த்ததில்லை.

அடுத்து, ஹெட்மாஸ்டர் ஏகாம்பரம் சார் ஒரு யோசனை செய்தார். ஹாலின் நடுவில் நிற்பவருக்கு வேண்டியது படிப்பு அல்ல, குரல் என்று முடிவு கட்டி, கூத்தில் வேஷம் கட்டிய ஒருவரைப் பிடித்து வந்தார். ட்ரெயினிங் முடித்தவர்தான். அவர் "உயிரெழுத்து!" என்றால் கூரையில் இருக்கும் புறா பறக்கும். அவர் கத்துவதால் நாங்கள் கத்த, நாங்கள் கத்துவதால் பிள்ளைகள் கத்த, பக்கத்திலிருந்த கருவாட்டுக் கிடங்கிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். சண்டைக்கு வந்தார்கள் என்று நினைத்தோம். அவர்கள் அந்தக் குரலை விலை பேச வந்தவர்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் விட ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். மறுவாரம் நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் துறைமுகத்திலிருந்து கேட்டது. "வஞ்சிரம்! வஞ்சிரம்!" என்று ஐந்தாம் வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது, பழக்க தோஷம்.

பிறகு வடலூரிலிருந்து விசாலாட்சி டீச்சர் வந்தாள். என் வயதுதான். குடும்பமே மீன், முட்டை தொடாதவர்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கரையோரத்து மீன்பிடிக் குடும்பங்கள். அவளைப் பார்த்த நாளிலிருந்து அதுகளுக்கு அவள்மேல் உயிர். பிரியம் வந்தால் அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தானே கொடுக்க முடியும்? ஒருநாள் அவள் கைப்பையைத் திறந்தபோது, உள்ளே ஒரு பெரிய நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கி அவளை வரவேற்றது. உயிரோடு.

அந்த மாதமே போய்விட்டாள். நண்டுதான் காரணம் என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

செல்வியின் அம்மா

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை. "அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குள்ள அஞ்சாவதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் இல்லன்னா, அந்த வகுப்பை எடுத்துட வேண்டியதுதான். பசங்க ரயில்வே லைனுக்கு அந்தாண்ட இருக்கிற ஸ்கூலுக்குப் போகட்டும்."

பையன்கள் லைனைத் தாண்டிப் போவார்கள். பெண்கள்?

நாலாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். கணக்கில் சூரப்புலி. அவளுடைய அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இந்தச் சந்துக்குள்ளன்னா அனுப்பறேன் டீச்சர். லைனுக்கு அந்தாண்ட அனுப்ப மாட்டேன். கருவாடு காய வைக்க வூட்டுல ஆளில்ல."

அவள் ஒருத்தி இல்லை. நாலாம் வகுப்பில் இருந்த எல்லாப் பெண்களின் வீட்டிலும் அதே பதில்.

மெல்லப் பேசியவர்

அந்த நேரத்தில்தான் தாமோதரன் சார் வந்து சேர்ந்தார். சிதம்பரத்துக்காரர். காலையில் பாசஞ்சரில் ஏறி, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று வருவார். சாயங்காலம் அதே மாதிரி நின்று நின்று போவார். ஒல்லியான ஆள். அவருடைய குரல் அவரைவிட ஒல்லி. "வணக்கம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்த மரகதம் டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது வெள்ளிக்கிழமை தாங்காது" என்றார்.

தாங்கியது. நடுவில் நின்று அவர் என்னமோ சொல்ல ஆரம்பித்தார். யாருக்கும் கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக ஐந்தாம் வகுப்பு வாயை மூடியது. ஐந்தாம் வகுப்பு திடீரென்று அடங்கியதால், என்ன விபரீதம் என்று நாலாம் வகுப்பு அடங்கியது. பிறகு மூன்று. என் இரண்டாம் வகுப்பும் தவளையைப் பாதித் தாவலில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது. அவர் ஒரு நரி கிணற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றுதான் அந்தக் கிடங்கில் முதன்முதலாகப் புறா முனகும் சத்தம் கேட்டோம்.

மூன்று நாலு மாதம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, தாமோதரன் சார் ஹெட்மாஸ்டரிடம் வந்து உதட்டை அசைத்தார். சிதம்பரத்திலேயே ஒரு ஆபீஸில் கிளார்க் வேலை கிடைக்கிறதாம். போகிறாராம்.

"ஏன் சார்?"

உதடு அசையவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

ஏகாம்பரம் சார் அன்று மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "மரகதம், ராஜேஸ்வரி. நாளைக்கு ஞாயித்துக்கெழமை. சிதம்பரம் போறோம். அவுங்க அம்மா கையில கால்ல வுழுந்தாவது கேட்டுட்டு வந்துடறோம்."

தட்டில் வைத்துக் கேட்டது

பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஏகாம்பரம் சார் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு பந்து கதம்பம் வாங்கினார். அவரிடம் பை இல்லை. மரகதம் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தட்டு வந்தது. ரயில் முழுக்க அதை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அண்ணி எடுத்துக் கொடுத்த நீலப் பட்டு வேறு. "மொத மொதல்ல ஒரு வூட்டுக்குப் போற, நல்லதா ஒண்ணு கட்டிக்கிட்டுப் போ" என்றிருந்தாள். அண்ணிக்கு மனதில் என்ன இருந்ததோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தாமோதரன் சார் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அவருடைய அம்மா முதலில் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க!" என்று உள்ளே ஓடியவர் பாயை விரித்துவிட்டு, பின்பக்கமாகப் போய் எதிர்வீட்டு அக்காவையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சிதம்பரத்தில் விருந்தாளியை இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஏகாம்பரம் சார் தட்டை நீட்டினார். "சுத்தி வளைக்காம சொல்லிடறேன்மா. உங்க புள்ள எங்களுக்கு வேணும்."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"அவரு எங்கம்மா வாயத் தொறக்கிறாரு? அதான் நாங்களே வந்துட்டோம்."

"இந்தப் பொண்ணாங்க?"

"ஆமா, ராஜேஸ்வரி. ரெண்டாவது டீச்சர். தங்கமான பொண்ணு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹெட்மாஸ்டர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாட்டு வருமாம்மா?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மாள்.

பள்ளியில் பாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார், மகன் வேலை செய்யும் இடமல்லவா என்று எனக்குத் தோன்றியது. நடித்துக் காட்டினால்தான் சரியாகப் புரியும். எழுந்து புடவையைத் தூக்கிப் பிடித்தேன்.

"தத்தித் தத்தி வருது பார் தவளையாரு கூட்டம்,
தண்ணிக்குள்ள தொப்புன்னு தவளையாரு ஆட்டம்!"

"தொப்புன்னு" என்னும் இடத்தில் ஒரு பெரிய தாவல் உண்டு. அதையும் செய்தேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரும் முன்னாடியே பழக்கமா?"

"பக்கத்துப் பக்கத்துலதான் இருப்பாங்க. நடுவுல ஒரு தட்டிகூடக் கெடயாது" என்றார் ஏகாம்பரம் சார், வருத்தத்தோடு.

"ஐயையோ! ஊரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

"ஊருக்கே தெரிஞ்சதுதாம்மா. இன்ஸ்பெக்டருக்குக்கூடத் தெரியும். அவருதான், நிரந்தரமா ஒரு ஏற்பாடு பண்ணிடுங்கன்னு கெடு வச்சிருக்காரு."

"போலீஸ் வரைக்கும் போயிடுச்சா?" அம்மாள் வாசலை எட்டிப் பார்த்தார்.

மரகதம் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இவுங்களுக்காக வேணாம். அந்தப் பசங்களுக்காகவாவது அவரு கூட இருக்கணும். வுட்டுட்டுப் போனா அதுங்க தெருவுலதான் நிக்கும்."

"பசங்களா?"

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "எத்தினி பசங்கம்மா?" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அறுபதுக்கு மேல. அவருக்குக் கொஞ்சம் கம்மி."

சரியாக அப்போதுதான் தாமோதரன் சார் கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வந்தார்.

"டேய் தாமோதரா! அறுபது புள்ளையாடா?" என்று அலறினார் அம்மா.

அவர் எங்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நிதானமாக, "அஞ்சாவதுல அவ்வளவு இல்லம்மா" என்றார்.

எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற ஆடு ஓடிவிட்டது. விஷயம் ஒவ்வொருவராகப் பரவி, கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கூடத்தில் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"கல்யாணம்னாலும் பண்ணிடலாம்" என்றார் ஏகாம்பரம் சார், நம்பிக்கை தளராமல்.

"சார்!" என்றேன் நான். தாமோதரன் சாரும் "சார்!" என்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

காரணம்

காப்பி வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு ஹெட்மாஸ்டர் மறுபடியும் கேட்டார். "ஏன் சார் போறீங்க? பசங்க தொல்லையா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"சத்தமா? ரயிலா? நாங்க யாராவது ஏதாச்சும் சொல்லிட்டமா?"

எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு ஏகாம்பரம் சாரைத் தனியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். நாங்கள் இங்கிருந்து உற்றுக் கேட்டோம். அவர் குரலைத்தான் தெரியுமே, ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் திரும்பி வந்தபோது அவர் முகம் எப்படியோ இருந்தது.

"அது வந்து... ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றார்.

"பெத்தவகிட்ட சொல்ல முடியாத சமாச்சாரம் என்னாங்க அது?" என்று அவருடைய அம்மா விடவில்லை. ஏகாம்பரம் சார் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பள்ளியில் கழிப்பிடம் கிடையாது. காலையில் ரயிலேறும் மனிதருக்கு ஒரு நேரம் வந்தால் எங்கே போவார்? இடைவேளையில் உப்பனாற்றங்கரைப் பக்கம் ஒதுங்குவார். உப்பனாற்றில் எப்போதும் படகுகள் போய்வரும். படகில் அவர் வகுப்புப் பையன்களின் அப்பாக்கள், சித்தப்பாக்கள், லீவு போட்ட பையன்கள். எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். வாத்தியாரை எங்கே கண்டாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

"படகுலேருந்து எழுந்து நின்னு, 'வணக்கம் சார்!'ங்கிறானாம். பதிலுக்கு இவரு கையக் கூப்ப முடியுமா? அதுக்குள்ள இன்னொரு படகு. ஒருநாள் ஒருத்தரு படகத் திருப்பிக் கரைக்கே கொண்டாந்து, 'எம் பையன் எப்பிடிப் படிக்கிறான் சார்?'னு கேட்டிருக்காரு. அன்னையிலேருந்து இவரு அந்தப் பக்கமே போறதில்ல. காலையிலேருந்து சாயங்காலம் சிதம்பரம் வர்ற வரைக்கும்..."

எதிர்வீட்டு அக்கா மறுபடியும் முந்தானையைத் தேடினார். தாமோதரன் சார் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மரகதம் டீச்சர் சிரிக்கவில்லை.

"ஏன் சார்," என்றார் ஹெட்மாஸ்டரைப் பார்த்து. "நாங்க எங்க போறோம்னு நீங்க என்னிக்காவது நெனச்சுப் பாத்தீங்களா?"

ஏகாம்பரம் சார் வீடு பள்ளிக்கு அடுத்த சந்தில். வேண்டும்போது போய்விட்டு வந்துவிடுவார். அவர் உண்மையிலேயே நினைத்துப் பார்த்ததில்லை.

நாங்கள் செல்வியின் அத்தை வீட்டுக் கொல்லைக்குப் போவோம். மறைப்புக்குப் பழைய வலையைக் கட்டியிருந்தார்கள். வலையில் நூலைவிட ஓட்டைதானே அதிகம்? ஒருவர் போனால் இன்னொருவர் முந்தானையை விரித்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். அதற்கும் கூச்சப்பட்டுக்கொண்டு, பள்ளி நாளில் நான் தண்ணீரே குடிப்பதில்லை. தொண்டை வறண்டுபோய்த்தான் தவளைப் பாட்டுப் பாடுவேன். மரகதம் டீச்சருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்துவிடும். நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார். கேட்டால் வயிற்றுவலி என்பார்.

"விசாலாட்சி நண்டுக்குப் பயந்து போயிட்டான்னு சொன்னீங்களே," என்றார் மரகதம் டீச்சர். "நண்டுக்காவா ஒருத்தி கெடச்ச வேலைய வுடுவா? ரெண்டு தடவ காய்ச்சல்ல படுத்தா. டாக்டரு தண்ணி குடிக்கச் சொன்னாரு. இங்க எங்க போயிக் குடிக்கிறது? உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நண்டு மேல பழியப் போட்டா. அழுதுக்கிட்டேதான் போனா."

ஏகாம்பரம் சார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், "எங்கிட்ட நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், தங்கையிடம் பேசுவது போல.

"நீங்க கேட்டிருக்கலாமே சார்" என்றார் மரகதம் டீச்சர்.

விடைபெறும்போது தாமோதரன் சாரின் அம்மா எனக்குப் பூ வைத்துவிட்டார். "கல்யாணம் இல்லன்னாப் போவுது. அந்தத் தவளப் பாட்ட இன்னொரு தடவ பாடிட்டுப் போம்மா" என்றார். பாடினேன். இந்தத் தடவை அவரும் எதிர்வீட்டு அக்காவும் கூடவே தாவினார்கள்.

கீற்றும் பலகையும்

கமிட்டிக்காரர்கள் வழக்கம்போல "பாக்கலாம்" என்றார்கள். ஏகாம்பரம் சார் அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பிள்ளைகளின் அப்பாக்களைக் கூப்பிட்டு, கூச்சப்படாமல் விஷயத்தைச் சொன்னார். படகைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்த அதே மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "அடடா, சாரு அதுக்கா நின்னுட்டிருந்தாரு? காத்து வாங்குறாருன்னுல்ல நெனச்சேன்!"

பக்கத்துக் குடிகாடு கிராமத்திலிருந்து தென்னங்கீற்று வந்தது. உடைந்த படகுப் பலகைகள் வந்தன. கிடங்குக்குப் பின்னால், குழி வெட்டிக் கருங்கல் ஜல்லி நிரப்பி, எங்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று இரண்டு மறைப்பு. எங்கள் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை நான் முதன்முதலில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேலைக்கு வந்ததிலிருந்து, பள்ளி நேரத்தில் தனியாக நின்ற முதல் நிமிஷம் அதுதான்.

தாமோதரன் சார் கிளார்க் வேலைக்குப் போகவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன்

சித்திரை வெயிலில் டெபுடி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது கீற்று மறைப்பு.

"இது என்ன? யாரு பர்மிஷன் குடுத்தது? மொதல்ல பிரிச்சுடுங்க" என்றார்.

ஏகாம்பரம் சாருக்கு வியர்த்துவிட்டது. மனிதரைக் குளிரவைத்தால் மனசும் குளிரும் என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். வெயிலல்லவா, இன்னொன்றும் போயிற்று. மரகதம் டீச்சர் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். நடுவில் யாரோ கோலி சோடா உடைத்தார்கள். எல்லாவற்றையும் குடித்துவிட்டு, ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கேட்க ஆரம்பித்தார்.

அன்றைய பாடம் நதிகள்.

"காவேரி குடகுல பொறந்து," என்று தாமோதரன் சார் தம் மெல்லிய குரலில் தொடங்கினார். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். "மெதுவா ஓடி, அப்புறம் வேகமா ஓடி, பாறையிலேருந்து சோன்னு கீழ விழுந்து..."

இன்ஸ்பெக்டர் கால்மேல் கால் போட்டார். காலை மாற்றிப் போட்டார். காவிரி கிளை பிரிந்தபோது நாற்காலியின் நுனிக்கு வந்தார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் சார் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தத் தவிப்பு எப்படிப்பட்டது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? காவிரியை அணையோடு நிறுத்திவிட்டு, அருகே போய்க் குனிந்து, அவர் காதில் என்னமோ சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து கீற்று மறைப்பை நோக்கி நடந்தார். நடந்தார் என்று எழுதுவது மரியாதைக்காக.

திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார். முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கேள்வி கேட்கவில்லை. சைக்கிளை எடுத்தவர், "இருக்கட்டும்" என்றார்.

"எது சார்?" என்றார் ஏகாம்பரம் சார். "மறைப்பா? அஞ்சாம் வகுப்பா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஏகாம்பரம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலின் நடுவுக்கு ஓடி வந்தார். "நம்ம அஞ்சாவது எங்கயும் போவாது! எல்லாரும் இங்கயே படிக்கலாம்!" என்று அறிவித்தார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "லீவா சார்?" என்றான். இல்லை என்றதும் தரையை நோண்டப் போய்விட்டான்.

நாலாம் வகுப்பு மூலையில் செல்வி விசும்பி விசும்பி அழுதாள். இவளுக்காகத்தானே இவ்வளவும். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதடி கண்ணு. அதான் அஞ்சாவது இருக்குதே!"

"அதான் டீச்சர்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அஞ்சாவத எடுத்துடுவாங்க, வூட்லயே இருக்கலாம்னு அம்மா சொல்லிச்சு. இப்ப மறுபடியும் படிக்கணுமா?"

படிக்க வேண்டியதுதான் என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள். கோடை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்து, ஹாலின் நடுவில் முதல் வரிசையில் இடம் பிடித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.